யார் பக்கம் திரும்பும் அந்த பீம்?

இந்த வாரம் என் வீட்டுக் கதையோட ஆரம்பிக்கிறேன்.

2015 டிசம்பர். சென்னையில் இருந்தவங்களுக்கு அது எந்த மாசம்னு நான் சொல்ல வேண்டியதில்லை. என் சித்தி வீடு முடிச்சூரில். 2-ஆம் தேதி காலையில் சித்திக்குப் போன் பண்ணினேன். ரிங்கே போகவில்லை. சித்தப்பாவுக்குப் பண்ணினேன், அதே கதை. அன்றைக்கு முழுக்க எத்தனை தடவை பண்ணியிருப்பேன்னு கணக்கே இல்லை. மூன்று நாள் இப்படியே போச்சு. நாலாவது நாள், தெரியாத நம்பரில் இருந்து ஒரு கால். சித்தப்பாதான். "மாடியிலதான்டா இருக்கோம். எல்லாரும் நல்லா இருக்கோம். சித்திக்கு சுகர் மாத்திரை மட்டும் தீர்ந்துபோச்சு" என்றார். அதோட லைன் கட்டாயிடுச்சு.

அந்த மூன்று நாளும் எனக்கு ஒரு சின்னப்பிள்ளைத்தனமான கோபம். தலைக்கு மேல அத்தனை சேட்டிலைட் சுத்துதே, அதில் ஒன்றுகூட எங்க சித்தி வீட்டு மாடியைப் பார்க்காதா?

கையில் இருந்த சாதாரண போன் அப்போ சேட்டிலைட்டோட பேசாது. அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சேட்டிலைட் எந்த ஊரைப் பார்க்கணும்னு யார் முடிவு பண்றாங்க? பின்னாடி தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அந்த முடிவுக்கு நூறு வருஷத்துக்கும் மேல் வரலாறு இருக்கு. இன்றைக்கு அந்த முடிவு கொஞ்சம் கொஞ்சமா மெஷின் லேர்னிங் கைக்குப் போய்க்கொண்டு இருக்கிறது. இன்றைய எபிசோடு அந்த வரலாறுதான்.

மூன்று ஆன்டெனா, ஒரு மைதானம்

முதலில் 1905-க்குப் போவோம். ஸ்ட்ராஸ்பர்க் நகரம். இன்றைக்கு பிரான்ஸில் இருக்கு, அன்றைக்கு ஜெர்மனி. அங்கே பல்கலைக்கழகத்தில் ஃபெர்டினாண்ட் பிரவுன் என்று ஒரு இயற்பியல் பேராசிரியர். நம்ம வீட்டில் பழைய குண்டு டிவி இருந்ததே, அதற்குள் இருந்த பிக்சர் டியூப்பின் மூதாதையை 1897-ல் செய்தவர் இவர்தான். 1909-ல் மார்க்கோனியோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார்.

அந்தக் காலத்து ரேடியோவில் ஒரு பெரிய குறை இருந்தது. சிக்னல் எல்லாப் பக்கமும் சிதறிப் போகும். நீங்க ஒருத்தருக்குச் சொல்ல நினைத்ததை ஊர் முழுக்கக் கத்திச் சொல்ற மாதிரி. பாதிக்கு மேல் சக்தி வீண். பிரவுன் என்ன செய்தார் என்றால், ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மைதானத்தில் மூன்று ஆன்டெனாக்களை முக்கோணமாக நட்டார். மூன்றுக்கும் சிக்னலை ஒரே கணத்தில் கொடுக்காமல், நேரத்தைக் கொஞ்சம் தள்ளிக் கொடுத்தார். ஒரு பக்கம் சிக்னல் வலுவாகப் போனது. எதிர்ப்பக்கம் பலவீனமானது. எந்த ஆன்டெனாவுக்குத் தாமதம் என்பதை மாற்றினால், வலுவான பக்கமும் மாறியது. ஒரு கம்பத்தைக்கூட அசைக்கவில்லை.

இது எப்படி நடக்குது? ஸ்கூலில் மார்ச் பாஸ்ட் போனவங்க யோசிச்சுப் பாருங்க. பத்து பேர் தோளோடு தோள் நிற்கிறீங்க. எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பினால் வரிசை நேராக முன்னால் போகும். இடது ஓரத்தில் இருப்பவர் முதலில், அடுத்தவர் அரை நொடி கழித்து, அதற்கு அடுத்தவர் இன்னும் அரை நொடி கழித்து என்று கிளம்பினால்? வரிசை சாய்ந்துவிடும். அதன் முகம் வலது பக்கம் திரும்பியிருக்கும். ஆன்டெனா வரிசையிலும் இதேதான். ஒவ்வொன்றிலிருந்தும் கிளம்பும் அலை சாய்ந்த ஒரு முகமாகச் சேர்ந்து, அந்தத் திசையில் வலுக்கிறது. மற்ற திசைகளில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கிறது. எத்தனை ஆன்டெனா சேருதோ, பீம் அவ்வளவு கூர்மை. இதைத்தான் இன்றைக்கு ஃபேஸ்டு அர்ரே என்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் ரேடார் இந்த யோசனையை எடுத்துக்கொண்டது. வானத்துக்குப் போக இன்னும் கொஞ்ச காலம் ஆச்சு.

விண்வெளிக்கே ஒளிபரப்பிய சேட்டிலைட்

1965 ஏப்ரல் 6. 'ஏர்லி பேர்ட்' என்ற சேட்டிலைட் ஏவப்பட்டது. வணிகத் தொலைத்தொடர்புக்காகப் பூமியோடு சேர்ந்து சுற்றிய முதல் சேட்டிலைட். சுற்றுப்பாதையில் எடை சுமார் 39 கிலோ. அட்லாண்டிக்குக்கு மேலே நின்று ஒரே நேரத்தில் 240 போன் கால்களையோ, அல்லது ஒரே ஒரு டிவி சேனலையோ கடத்தியது.

அது ஒரு பம்பரம் மாதிரி. நிலையாக நிற்பதற்காகத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் அதன் ஆன்டெனா சிக்னலை ஒரு வளையமாக, மெதுவடை வடிவத்தில், சுற்றிலும் வீசியது. 36,000 கி.மீ. உயரத்திலிருந்து பார்த்தால் பூமி வெறும் 17 டிகிரி அகலம்தான். வளையமோ 360 டிகிரி. கணக்குப் போட்டுப் பாருங்க, இருபதில் ஒரு பங்குதான் பூமி இருக்கும் பக்கம் வருது. மீதி எல்லாம் வெற்று விண்வெளிக்கு. சோலார் செல்லில் சிறுகச் சிறுகச் சேர்த்த மின்சாரம் அப்படிப் போச்சு.

1968-லிருந்து ஏவப்பட்ட இன்டெல்சாட் 3 வரிசையில் உடம்பு சுற்றும், ஆன்டெனா மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றிப் பூமியையே பார்த்துக்கொண்டு நிற்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். அப்போதுதான் முதல் தடவையாக இந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. சிதறிப் போகும் வரை யாருக்கு என்ற பேச்சே இல்லை. குறிவைக்க முடிந்த பிறகு, யாரைக் குறிவைப்பது?

ஒரு வருஷத்துக்கு வந்துபோன பீம்

இதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கு. 1974-ல் நாசா ஏடிஎஸ்-6 என்ற சேட்டிலைட்டை ஏவியது. அதில் குடை மாதிரி விரியும் 9 மீட்டர் டிஷ். அவ்வளவு பெரிய டிஷ் என்றால் பீம் குறுகலாக, வலுவாக வரும். தரையில் சின்ன டிஷ் போதும். 1975-ல் அந்த சேட்டிலைட்டையே நகர்த்தி இந்தியா தெரியும் இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். 1975 ஆகஸ்ட் 1-லிருந்து 1976 ஜூலை 31 வரை, ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு டிவி. கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பிவலையில் செய்த 3 மீட்டர் ஆன்டெனா. ஊர்ப் பொது இடத்தில் ஒரு பெட்டி, சுற்றி உட்கார்ந்து பார்க்கும் ஜனம். இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த அந்தச் சோதனைக்குப் பெயர் சைட்.

அதில் எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு. பீமுக்கு எல்லைக்கோடு தெரியாது. இந்தியாவுக்காகத் திருப்பியது இலங்கையிலும் விழுந்தது. கொழும்பில் ஆர்தர் சி. கிளார்க் இருந்தார். மூன்று சேட்டிலைட் இருந்தால் உலகம் முழுக்கத் தொடர்பு கொடுக்கலாம் என்று 1945-லேயே எழுதியவர். இந்தியப் பொறியாளர்கள் போய் அவர் வீட்டிலும் ஒரு டிஷ் மாட்டிக் கொடுத்தார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தான் எழுதியதை அவர் தன் வீட்டிலேயே பார்த்தார்.

ஒரு வருஷம் முடிந்தது. ஒப்பந்தப்படியே சேட்டிலைட்டைத் திரும்ப நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி இருக்கு, ஆன்டெனா இருக்கு, பார்க்க ஆள் இருக்கு, பீம் இல்லை. யாரும் ஏமாற்றவில்லை, சொன்ன தேதிக்குத்தான் போச்சு. ஆனால் அந்த ஊர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். டிஷ் நம்ம ஊரில் இருந்தாலும், திருப்புற கை வேறு எங்கோ இருக்கு.

கதவு சைஸ் ஆன்டெனாவும் காலியான கடலும்

பிரவுனின் யோசனை சேட்டிலைட்டில் பெரிய அளவில் வேலைக்கு வந்தது 1983-ல். சேலஞ்சர் விண்கலம் கொண்டுபோன டிடிஆர்எஸ்-1. இது மற்ற சேட்டிலைட்டுகளின் பேச்சைக் கேட்டுத் தரைக்கு அனுப்பும் தபால்காரர். அதன் முகத்தில் ஸ்பிரிங் மாதிரி சுருண்ட 30 ஆன்டெனாக்கள். சுவாரஸ்யம் என்னவென்றால், பீமை உருவாக்கும் கணக்கு சேட்டிலைட்டில் நடக்காது. 30 ஆன்டெனாவும் கேட்டதைத் தனித்தனியாக அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இருக்கும் ஒயிட் சாண்ட்ஸ் நிலையத்துக்கு அனுப்பும். அங்கே தரையில் இருக்கும் மெஷின்கள் தாமதத்தைக் கூட்டிக் குறைத்து, ஒரே நேரத்தில் பல திசைகளில் காதைத் திருப்பும். ஆன்டெனா வானத்தில், மூளை தரையில்.

அடுத்து இரிடியம். மோட்டோரோலா பின்னால் நின்ற திட்டம். சுமார் 780 கி.மீ. உயரத்தில் 66 சேட்டிலைட். ஒவ்வொன்றிலும் கதவு அளவுக்கு மூன்று ஃபேஸ்டு அர்ரே பலகைகள். பலகைக்கு 16 பீம், மொத்தம் 48. வானத்தையே செல்போன் டவராக மாற்றும் திட்டம். அந்தப் பலகைகள் அவ்வளவு பளபளப்பு, சூரிய வெளிச்சம் பட்டால் சில நொடி நட்சத்திரத்தைவிடப் பிரகாசமாக மின்னும். ராத்திரி வானத்தைப் பார்ப்பவர்கள் அதற்காகவே நேரம் குறித்து வைத்துக் காத்திருப்பார்கள். ஒரு ஆன்டெனா வரிசையை ஜனங்கள் மாடியில் நின்று வெறும் கண்ணால் ரசித்த காலம் அது.

1998 நவம்பர் 1-ல் சேவை தொடங்கியது. சுமார் 500 கோடி டாலர் செலவு. 1999 ஆகஸ்டில் திவால். போன் செங்கல் சைஸ், விலை சுமார் 3,000 டாலர், கட்டடத்துக்கு உள்ளே எடுக்காது, அதற்குள் சாதாரண செல்போன் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இதெல்லாம் எல்லாரும் சொல்லும் காரணங்கள். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். பூமியில் சுமார் 71 சதவீதம் தண்ணீர். இரிடியத்தின் பீம்கள் சேட்டிலைட்டோடு ஒட்டிவைத்த மாதிரி நிலையாக இருக்கும், சேட்டிலைட் பறக்கப் பறக்கத் தரையில் நகரும். பசிபிக் மேலே பறக்கும்போது 48 பீமும் கடலைத்தான் பார்க்கும். அங்கே சும்மா கிடக்கும் திறனை எடுத்து நியூயார்க்குக்கோ மும்பைக்கோ கொடுக்க வழியில்லை.

ஆனால் இதே குறையை இன்னொரு பக்கம் நின்று பாருங்க. கடலைப் பார்த்ததால்தான் கடலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அது கிடைத்தது. மீனவர், மாலுமி, அன்டார்டிகா ஆராய்ச்சியாளர் என யாரும் கேட்காத இடத்திலும் பீம் இருந்தது. 2000-ல் வெறும் 2.5 கோடி டாலருக்கு ஒரு குழு அதை வாங்கியது. இரிடியம் இன்றைக்கும் ஓடுகிறது. கப்பல், விமானம், ராணுவம், மீட்புப் பணி என்று வேறு சேவை இல்லாத இடங்கள்தான் அதன் வாடிக்கை.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. வீணாகப் போன பீம் வேறொருத்தருக்கு உயிர்க்கயிறாக இருந்தது.

கோபன்ஹேகன் கணக்கு

சரி, பீமைத் திருப்ப முடியும் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு, யாருக்கு? இந்தக் கணக்குக்கு ஒரு தாத்தா இருக்கார். டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணிதக்காரர். 1909-லும் 1917-லும் அவர் வெளியிட்ட கட்டுரைகள்தான் இந்தத் துறைக்கே அடித்தளம். இத்தனை லைன் இருக்கு, இத்தனை கால் வருது, அப்படியென்றால் எத்தனை பேருக்கு லைன் கிடைக்காது? இதற்கு அவர் ஃபார்முலா கொடுத்தார். இன்றைக்கும் போன் டிராஃபிக்கை அளக்கும் அலகுக்கு அவர் பெயர்தான்.

1917 ஃபார்முலாவுக்குள் ஒரு அனுமானம் இருக்கு. லைன் கிடைக்காதவர் போனை வைத்துவிட்டுப் போய்விடுவார், திரும்பக் கூப்பிட மாட்டார். கணக்கு எளிதாக வர அப்படி வைத்தார், சாதாரண நாளில் அது நன்றாகவே பொருந்தும். ஆனால் 2015-ல் நான் என்ன பண்ணினேன்? திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். முடிச்சூரில் இருந்த சித்தி என்ன பண்ணியிருப்பார்? டவரே இல்லாததால் ஒரு கால்கூடப் போட முடியாது. அவருடைய கால் எந்தக் கணக்கிலும் வராது.

கேட்டவரை மட்டும்தான் கணக்கு பார்க்கும். கேட்கவே முடியாமல் போனவர் அதில் இல்லை. இதுதான் நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயம். மெஷின் லேர்னிங் உள்ளே வந்ததும் இது எப்படிப் பெரிதாகிறது என்று பார்ப்போம்.

200 பூஜ்யம்

2021-ல் இரண்டு சேட்டிலைட் ஏவப்பட்டன. ஜூலையில் யூட்டெல்சாட் குவாண்டம். பீமின் வடிவத்தையும் இடத்தையும் மேலே போன பிறகும் சாஃப்ட்வேர் மூலம் மாற்றலாம். அதுவரை 15 வருஷம் ஓடப்போகும் சேட்டிலைட்டின் பீம் வரைபடத்தைத் தொழிற்சாலையிலேயே தீர்மானித்துவிடுவார்கள். அக்டோபரில் எஸ்இஎஸ்-17. அமெரிக்கக் கண்டங்களுக்குக் கிட்டத்தட்ட 200 பீம். பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று விமான வைஃபை. விமானம் ஒரு இடத்தில் நிற்காதே. காலையில் இந்த நகரத்துக்கு மேல் இருக்கும் கூட்டம் மதியம் கடலுக்கு மேல். அதனால் எந்தப் பீமுக்கு எவ்வளவு பவர், எவ்வளவு அலைவரிசை என்பதை நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்கணும்.

2019 மே மாதம் முதல் 60 சேட்டிலைட்டோடு ஆரம்பித்த ஸ்டார்லிங்க்கில் இது இன்னும் வேகம். இப்போது ஆயிரக்கணக்கில் சேட்டிலைட். வீட்டு மாடியில் வைக்கும் அந்தத் தட்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி ஆன்டெனாக்கள். பிரவுனின் மைதானம் ஒரு பீட்சா டப்பா அளவுக்குச் சுருங்கிவிட்டது. எந்த வீட்டுக்கு எந்த சேட்டிலைட் என்பதை 15 விநாடிக்கு ஒருமுறை மாற்றி அமைக்கிறார்கள். எந்த மனிதரும் உட்கார்ந்து முடிவு பண்ற வேகம் இல்லை இது.

கம்ப்யூட்டர் எல்லா வழிகளையும் பார்த்து நல்லதை எடுக்கலாமே? முடியாது. 100 பீம் என்று வைப்போம். ஒவ்வொன்றுக்கும் 10 பவர் அளவு, 10 அலைவரிசைத் துண்டு. பீமுக்கு 100 வழி. மொத்தம் 1-க்குப் பின்னால் 200 பூஜ்யம். நம்மால் பார்க்க முடிந்த பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்களே 1-க்குப் பின்னால் 80 பூஜ்யம் அளவுதான் என்பது மதிப்பீடு. போதாததற்குப் பக்கத்துப் பக்கத்துப் பீம்கள் ஒரே அலைவரிசையில் இருந்தால் ஒன்றோடு ஒன்று மோதும்.

அதனால்தான் 2010-களின் பிற்பாதியில் ஆராய்ச்சியாளர்கள் மெஷின் லேர்னிங் பக்கம் வந்தார்கள். முக்கியமாக ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங். சுருக்கமா சொன்னா, நாய்க்குட்டிக்குப் பழக்குற மாதிரி. ஒரு முடிவு எடு. நல்லா வந்தால் பிஸ்கட், சொதப்பினால் இல்லை. லட்சக்கணக்கான தடவை இப்படிப் பழகினால், எந்த நிலைமையில் எந்த முடிவு என்று ஒரு உள்ளுணர்வு மாதிரி உருவாகும். எம்ஐடியில் ஒரு குழு பவர் பங்கீட்டுக்குப் பல முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. பழகிய நியூரல் நெட்வொர்க் சட்டென்று பதில் சொல்லும். நேரம் கொடுத்தால் தேடல் முறைகள் அதைவிட நல்ல பதிலைக் கண்டுபிடிக்கும். ஆகவே முதல் பதிலை நெட்வொர்க்கிடம் வாங்கி, பிறகு தேடலை வைத்துச் செதுக்கலாம்.

நிஜ விண்வெளியிலும் இதைச் சோதித்தார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் நாசாவின் ஸ்கேன் டெஸ்ட்பெட் என்ற ரேடியோ ஆய்வுக்கூடம் இருந்தது. 2017-ல் அதிலிருந்து தரைக்கு வரும் இணைப்பில், எவ்வளவு பவர், எந்த வகைக் குறியீடு என்பதை ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங்கே தேர்ந்தெடுக்கும்படி விட்டார்கள். அதில் ஒரு சங்கடம். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் தப்பு பண்ணிப் பார்க்கணும். நிஜ இணைப்பில் தப்பு பண்ணினால் டேட்டா போச்சு. அதனால் ஒரு நியூரல் நெட்வொர்க்கை வைத்து, 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்' என்று முதலில் கற்பனையிலேயே ஓட்டிப் பார்த்து, படுமோசமான முடிவுகளைத் தவிர்த்தார்கள்.

கேட்கும்போதே உற்சாகமா இருக்குல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பிஸ்கட் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை யார் எழுதுகிறார்கள்?

முதல் கரண்டி சோறு

பரிசை இப்படி எழுதலாம்: மொத்தமாக எவ்வளவு டேட்டா போனதோ அவ்வளவு மதிப்பெண். நியாயம்தானே? ஆனால் மெஷின் என்ன கற்றுக்கொள்ளும்? கூட்டம் இருக்கும் நகரத்துக்கே எல்லாவற்றையும் கொட்டு. மலைமேல் இருக்கும் நாலு வீட்டுக்கு ஒரு பீமை ஒதுக்கினால் மொத்தம் குறையும். ஆகவே ஒதுக்காதே.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருக்கு. 1998-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிராங்க் கெல்லியும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரையில் வரும் விகித நியாயம் என்ற யோசனை. நம்ம ஊர்ப் பந்தியை வைத்துச் சொல்கிறேன். வெறும் இலையோடு உட்கார்ந்திருப்பவருக்கு விழும் முதல் கரண்டி சோறும், ஏற்கெனவே பத்து கரண்டி வாங்கியவருக்கு விழும் பதினோராவது கரண்டியும் ஒன்றா? எடையில் ஒன்றுதான். பசியில் இல்லை. கெல்லியின் கணக்கில் 1-லிருந்து 2-க்குப் போவதும், 100-லிருந்து 200-க்குப் போவதும் ஒரே மதிப்பு. ஆகவே மெஷின் தானாகவே காலி இலையைத் தேடும்.

ஆனால் அந்தக் கணக்கு வேலை செய்யவும், இலை போட்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் தெரியணும்.

2022 ஜனவரி 15. பசிபிக்கில் டோங்கா நாட்டுக்குப் பக்கத்தில் கடலுக்கடியில் எரிமலை வெடித்தது. சுனாமி. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அந்த நாட்டை ஃபிஜியோடு இணைத்திருந்த ஒரே கடலடி கேபிள் அறுந்துபோச்சு. வெளிநாட்டில் இருந்த டோங்கா மக்கள் பல நாள் சொந்தக்காரர்களின் நிலைமை தெரியாமல் தவித்தார்கள். அந்த முதல் நாட்களில் சேட்டிலைட் போன் வைத்திருந்த சிலர்தான் வெளியுலகத்தோடு பேச முடிந்தது. பிறகு பல நிறுவனங்கள் சேட்டிலைட் இணைப்பு கொடுத்தன. ஸ்டார்லிங்க் 50 தட்டுகள் அனுப்பியது. கேபிள் சரியாக ஐந்து வாரம் ஆனது.

இப்போ ஒரு மெஷினை நினைத்துப் பாருங்க. ஜனவரி 14 வரையிலான டிராஃபிக்கை வைத்துப் பழகியது. டோங்காவில் எல்லாரும் கேபிளில் இருக்கிறார்கள், சேட்டிலைட் தேவை கொஞ்சம்தான், பீமை வேறு பக்கம் திருப்பலாம் என்று அது கற்றிருக்கும். தப்பே இல்லை, டேட்டா அதைத்தான் சொன்னது. 15-ஆம் தேதி ராத்திரி என்ன தெரியும்? மின்சாரம் இல்லை, தட்டு இல்லை, கேட்க ஆளில்லை. தேவை பூஜ்யம். ஒரு நாட்டுக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்ட ராத்திரி, டேட்டாவில் மிக அமைதியான ராத்திரியாகத் தெரியும்.

தேவை இல்லாத ஊரும் கேட்க முடியாத ஊரும் டிராஃபிக் கணக்கில் ஒரே மாதிரி பூஜ்யம்தான். எர்லாங் காலத்தில் இருந்த அதே ஓட்டை. வித்தியாசம் என்னவென்றால், அன்றைக்கு அந்தக் கணக்கு ஒரு எக்ஸ்சேஞ்சில் எத்தனை லைன் வேண்டும் என்று மட்டும் சொன்னது. இன்றைக்கு அதே கணக்கு பீமையே திருப்புகிறது. பீம் திரும்பிப் போனால் அங்கே பயன்பாடு குறையும். பயன்பாடு குறைந்தால் அடுத்த தடவை மெஷின் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொள்ளும்.

அதற்காக மெஷினை வெளியே அனுப்பு என்று நான் சொல்லவில்லை. 200 பூஜ்யத்தோட மல்லுக்கட்ட வேறு வழி இல்லை. இரிடியம் மாதிரி கடலுக்கெல்லாம் சமமாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, எவ்வளவு அமைதியாக இருந்தாலும் ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு நேரம் பீம் கட்டாயம் வரணும் என்ற குறைந்தபட்ச அளவை மனிதர்கள் எழுதி வைக்கணும், அதை மெஷின் தொடக் கூடாது. இரண்டு, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்த இடம் இன்றைக்குத் திடீரென்று அமைதியானால், அதை மிச்சம் என்று எடுத்துக்கொள்ளாமல் அபாயமணி என்று எடுத்துக்கொள்ளும்படி மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கணும். இரண்டுமே செய்யக்கூடியதுதான். பிஸ்கட் எழுதும் கை அதை நினைக்கணும், அவ்வளவுதான்.

ஏடிஎஸ்-6 திரும்பிப் போனபோது, அந்த முடிவு யாருடையது, எந்தத் தேதி என்பதெல்லாம் காகிதத்தில் இருந்தது. போய்க் கேட்க ஒரு அலுவலகம் இருந்தது. 15 விநாடிக்கு ஒருமுறை எடுக்கப்படும் முடிவுக்கும் அப்படி ஒரு அலுவலகம் வேண்டாமா?

சித்தி இன்றைக்கும் முடிச்சூரில்தான் இருக்கிறார். சுகர் மாத்திரையை இப்போ மூன்று மாசத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கிறார். இந்த எபிசோடுக்காக அவரிடம் கேட்டேன், "அந்த மூணு நாள் போன் இல்லாம என்ன பண்ணீங்க?" என்று. "போனா? அதைக் கையில பிடிச்சுக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

அடுத்த வாரம் வேறொரு கதையோட வர்றேன்.